பச்சை குக்கீ டோ சாப்பிட ஆசையா? முதல்ல மாவை கவனிங்க

என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. "அம்மா குக்கீ பண்ணலாமா"ன்னு வந்து நிப்பா, ஆனா அவளுக்கு வேண்டியது குக்கீ இல்ல, பவுல் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற டோ, அதாவது பேக் பண்ணாத பிசைஞ்ச குக்கீ மாவு. ஓவன் சூடாகறதுக்குள்ள நாலு ஸ்பூன் உள்ள போயிருக்கும், கேட்டா "சும்மா ருசி பாத்தேன்"ம்பா. நாங்க கனடால ஸ்கார்பரோவுக்கு வந்த புதுசுல எனக்கு இது புரியவே இல்ல, பச்சை மாவை போய் யாராவது ஆசையா சாப்பிடுவாங்களான்னு நினைச்சேன், அப்பறம் ஒரு நாள் நானும் ஒரு வாய் வெச்சு பாத்தேன், வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரை மாதிரி இருக்கிற பிரவுன் சுகரும் உப்பும் சாக்லேட்டும் சேந்து... சரி, அதுக்கு மேல அவள திட்ட எனக்கு யோக்கியதை இல்ல.

இங்க வட அமெரிக்கால இது சின்ன விஷயமும் இல்ல. பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம்காரங்க 1984லயே அவங்க வெர்மான்ட் கடைல டோவை உருட்டி ஐஸ்கிரீம்ல போட ஆரம்பிச்சு 1991ல டப்பாலயும் அடைச்சு வித்தாங்க. 2017ல நியூயார்க்ல டோ மட்டுமே விக்கற ஒரு கடை திறந்தப்ப தெருவ சுத்தி க்யூ நின்னுச்சு. அவங்க எல்லாம் அப்படியே சாப்பிடற மாதிரி தனியா செய்யறாங்க. வீட்ல நாம குக்கீ ரெசிபிய பாத்து பிசையறது அந்த டோ இல்ல. அந்த வித்தியாசம் தெரியாமதான் புதுசா பேக்கிங் ஆரம்பிக்கறவங்க மாட்டிக்கறாங்க, அதனாலதான் இத எழுதறேன்.

முட்டை மட்டும் இல்ல, மாவும்தான்

யார கேட்டாலும் "பச்சை முட்டை இருக்குல்ல, அதான் டேஞ்சர்"ன்னு சொல்வாங்க. அது உண்மைதான், முட்டைல சால்மொனெல்லாங்கற வயித்துப்போக்கு கிருமி வரலாம். ஆனா "நான் முட்டையே போடல, எக்லெஸ், அதனால பயமில்ல"ன்னு சொல்றவங்கதான் அதிகமா ஏமாறறாங்க, ஏன்னா மைதாவும் கோதுமை மாவும் பச்சைப் பொருள். பாக்கெட்ல வெள்ளையா காஞ்சு சுத்தமா இருக்கறதால நமக்கு அப்படி தோணறதில்ல, அவ்வளவுதான்.

கோதுமை வயல்ல விளையுது, மாடோ மானோ பறவையோ போற வழில எச்சம் போட்டுட்டு போகும், அதுல இருக்கிற ஈ.கோலை, சால்மொனெல்லா மாதிரி கிருமி எல்லாம் தானியத்துல ஒட்டிக்கும். மில்லுல அத தட்டி சலிச்சு அரைப்பாங்களே தவிர வேக வைக்கறதில்ல. வெள்ளையாக்கறதுக்கு ப்ளீச் பண்றதும் கிருமிய கொல்றதுக்கு இல்ல. அரைச்சப்பறம் அந்த கிருமி காஞ்ச மாவுல மாசக்கணக்கா தூங்கிட்டு கிடக்கும், நாம பாலோ வெண்ணெயோ முட்டையோ சேத்து வாய்ல போட்டா வயித்துக்குள்ள போய் முழிச்சுக்கும்.

2009ல அமெரிக்கால கடைல வாங்கின ரெடிமேட் குக்கீ டோவால ஈ.கோலை பரவி 30 மாநிலத்துல 70 பேருக்கு மேல நோய்ல விழுந்தாங்க, அதுல நெறைய பேர் சின்னப் பொண்ணுங்க, சில பேர் பேக் பண்ற எண்ணமே இல்லாம பச்சையா சாப்பிடவே வாங்கினவங்க. அப்ப எல்லாருக்கும் சந்தேகம் மாவு மேல போச்சு, ஆனா உறுதியா பிடிபடல. 2016ல மாவே நேரடியா மாட்டிக்கிச்சு, 24 மாநிலத்துல 63 பேர், கோடிக்கணக்கான கிலோ மாவு ரீகால் ஆச்சு, அதாவது கம்பெனியே திரும்ப வாங்கிக்கிச்சு. அடுத்த வருஷமே எங்க கனடாலயும் அதே கதை, 6 மாகாணத்துல 30 பேர், இங்க எல்லார் வீட்டு பேன்ட்ரிலயும் இருக்கிற பிராண்ட் மாவு. அந்த நியூஸ் வந்தப்ப என் மாவு எந்த பேட்ச்னு பாக்கலாம்னு போனா, நான் நம்ம ஊர் பழக்கப்படி மாவை டப்பால கொட்டிட்டு பாக்கெட்ட தூக்கி போட்டிருந்தேன்! முழு டப்பாவையும் குப்பைல கொட்டினேன். அதனால முதல் ஸ்டெப்பே இதுதான்: மாவை டப்பால கொட்டினா, பாக்கெட்ல பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கிற துண்ட கத்தரிச்சு டப்பா மூடிக்குள்ள டேப் போட்டு ஒட்டிடுங்க.

எது வேலைக்கு ஆகாது

ஃப்ரீசர்ல வெச்சா கிருமி செத்துடும்னு நெறைய பேர் நினைக்கறாங்க. சாகாது, தூங்கும். ஃப்ரிட்ஜும் அப்படித்தான்.

அடுத்தது அந்த ஃபேமஸ் ஓவன் ட்ரிக். மாவை ட்ரேல பரப்பி 350 டிகிரி ஃபாரன்ஹீட்ல அஞ்சு நிமிஷம் வெச்சா போதும், இல்லன்னா மைக்ரோவேவ்ல முப்பது முப்பது செகண்டா வெச்சு தெர்மாமீட்டர் 165 காட்டினதும் எடுத்துடுங்கன்னு ஆயிரம் வீடியோ இருக்கு. நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் செஞ்சேன். ஒரு தடவை சும்மா ஒரு ஆர்வத்துல அதே ட்ரேல நாலு இடத்துல தெர்மாமீட்டர குத்தி பாத்தேன், ஓரத்துல மாவு செவந்து கடலை வாசம் வருது, 190 காட்டுது, நடுவுல இன்னும் 140 தாண்டல. மாவு அவ்வளவு மோசமா சூட்ட கடத்துது, போர்வை மாதிரி.

அத விட பெரிய விஷயம் ஒண்ணு. அந்த 165ங்கற நம்பர் (நம்ம கணக்குல 74 டிகிரி செல்சியஸ்) கோழிக்கறி மாதிரி ஈரமான சாப்பாட்டுக்கு சொன்னது. ஈரத்துல நொடில சாகிற சால்மொனெல்லா, காஞ்ச மாவுல அதே சூட்டுல பல நிமிஷம் தாக்குப்பிடிக்கும். காஞ்சு கிடக்கிற கிருமி உடம்ப இறுக்கி வெச்சுக்கிட்டு கிடக்குது, சூடு அத அவ்வளவு சுலபமா தொட முடியறதில்ல. அதனாலதான் அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, வீட்ல மாவை சூடு பண்ணி பச்சையா சாப்பிடற மாதிரி ஆக்க முயற்சி பண்ணாதீங்கன்னே வெளிப்படையா சொல்லுது. வீடியோ போடறவங்க யாரும் இத சொல்ல மாட்டேங்கறாங்க, வியூ போயிடும் போல.

ஆக, டோவ பத்திரமாக்கணும்னா ஒண்ணு ஏற்கனவே வெந்த பொருள்ல செய்யணும், இல்ல மாவை ஈரத்தோட வேக வைக்கணும். கீழ சொல்றது எல்லாம் இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

வழி 1: பிஸ்கட் தூள் டோ (என் ஓட்டு இதுக்குத்தான்)

இது சீட்டிங் மாதிரி தெரியும், ஆனா யோசிச்சு பாருங்க, மேரி பிஸ்கட்டுங்கறது ஃபேக்டரில ஓவன்ல வெந்து வந்த மைதா. அத திரும்ப தூளாக்கினா வெந்த மைதா நம்ம கைல, அவ்வளவுதான். குழந்தைங்களுக்கு நான் இத மட்டும்தான் தர்றேன்.

மேரி பிஸ்கட் 150 கிராம் எடுத்து மிக்ஸில நைஸா பொடிங்க. மிக்ஸி ஜார் காஞ்சு இருக்கணும், அதுல முன்னாடி பச்சை மாவு எதுவும் அரைச்சிருந்தா சோப்பு போட்டு கழுவி காய வெச்சுட்டு அரைங்க. பொடிய சல்லடைல சலிச்சா இன்னும் நல்லது, ஏன்னா ஒரே ஒரு நறநற துண்டு இருந்தாலும் "இது பிஸ்கட்"ன்னு நாக்கு கண்டுபிடிச்சுடும்.

75 கிராம் வெண்ணெய ஒரு மணி நேரம் வெளிய வெச்சு விரல் வெச்சா பள்ளம் விழற அளவுக்கு இளகினதும் 50 கிராம் பிரவுன் சுகரோட நல்லா அடிச்சு குழைங்க. உருக்காதீங்க, உருக்கினா டோ எண்ணெய் விட்டுடும். பிஸ்கட்லயே சர்க்கரை இருக்கறதால இதுக்கு மேல போட வேணாம், முதல் தடவை நான் ரெசிபில இருக்கிற மாதிரி நூறு கிராம் போட்டு அது பால்கோவாவுக்கு அண்ணன் மாதிரி ஆயிடுச்சு. அப்பறம் அரை டீஸ்பூன் வெனிலா, ஒரு சிட்டிகைக்கு கொஞ்சம் கூடவே உப்பு. உப்ப விட்டுடாதீங்க, குக்கீ டோவோட ருசியே அந்த உப்புலதான் இருக்கு.

இப்ப பிஸ்கட் பொடிய கொட்டி ரெண்டு டேபிள்ஸ்பூன் பால் விட்டு கிளறுங்க. ஆரம்பத்துல உதிரியா மணல் மாதிரி இருக்கும், உடனே பயந்து பாலை ஊத்தாதீங்க, அஞ்சு நிமிஷம் விடுங்க, பொடி பாலை குடிச்சு ஊறி ஒண்ணா சேரும், அப்பறமும் உதிர்ந்தா இன்னொரு ஸ்பூன். கடைசியா ஒரு கைப்பிடி சாக்லேட் சிப்ஸ். மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தீங்கன்னா ஸ்பூன்ல சுரண்டும்போது வருமே அந்த கெட்டியான இழுவை, அது அப்படியே வரும்.

ஒரு மாறுதலுக்கு பிஸ்கட் பொடில கால் பங்க குறைச்சு அதுக்கு பதிலா பொட்டுக்கடலைய பொடிச்சு போட்டேன், மாலாடு வாசம் வந்துச்சு, எனக்கும் வீட்டுக்காரருக்கும் பிடிச்சுது, பொண்ணு "இது தீபாவளி டோ"ன்னு சொல்லி தள்ளி வெச்சுட்டா.

வழி 2: கூழ் காய்ச்சற முறை

பிஸ்கட் வாசமே வேணாம், நிஜ மாவு ருசிதான் வேணும்ங்கறவங்களுக்கு இது. மாவை பால்ல கரைச்சு கொதிக்க விட்டா அது ஈரத்துல வெந்துடுது, கஞ்சி மாதிரி, இதுல காஞ்ச மாவு பிரச்சனையே கிடையாது.

நாலு டேபிள்ஸ்பூன் மைதாவை அரை கப் குளுந்த பால்ல கட்டி இல்லாம கரைங்க (சுடு பால்ல கொட்டினா கட்டி கட்டியா நிக்கும், அந்த கட்டிக்குள்ள பச்சை மாவு அப்படியே இருக்கும், அதனால இந்த ஸ்டெப்ல சோம்பேறித்தனம் வேணாம்). அடி கனமான பாத்திரத்துல சின்ன தீயில கிளறிக்கிட்டே இருங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல திடீர்னு இறுகி அல்வா பதத்துக்கு வரும், நடுவுல பொளக் பொளக்குன்னு குமிழி வெடிக்கும். குமிழி வந்ததும் எடுத்துடாதீங்க, தீய குறைச்சு இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் கிளறுங்க. பாத்திரத்து ஓரத்துல ஒட்டின பச்சை மாவையும் வழிச்சு உள்ள தள்ளிடுங்க.

முழுசா ஆறணும். மேல ஆடை கட்டாம இருக்க ஒரு தட்டை கூழ் மேலயே ஒட்டின மாதிரி போட்டு வைங்க. வெதுவெதுப்பா இருக்கும்போதே வெண்ணெய போட்டா எல்லாம் உருகி சூப் ஆயிடும், அனுபவம் பேசுது. ஆறினதும் 60 கிராம் வெண்ணெய், 50 கிராம் பிரவுன் சுகர், வெனிலா, உப்பு எல்லாத்தையும் குழைச்சு அதுல கூழை கொஞ்சம் கொஞ்சமா சேத்து அடிங்க. இப்ப க்ரீம் மாதிரி தளதளன்னு இருக்கும், அத டோ பதத்துக்கு கொண்டு வர பால் பவுடர் அரை கப் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. "தண்ணியா இருக்கே"ன்னு பச்சை மைதாவை ஒரு கைப்பிடி அள்ளி போட்டீங்கன்னா இவ்வளவு நேரம் பண்ணின வேலை எல்லாம் வீண்.

வழி 3: அவிச்ச மா

இது எனக்கு சொல்லிக் குடுத்தது பக்கத்து வீட்டு அக்கா, யாழ்ப்பாணம். நான் ஓவன்ல மாவை கருக்கிட்டு ஜன்னல திறந்து வெச்சிருந்த அன்னிக்கு எட்டி பாத்துட்டு கேட்டாங்க, "உதை ஏன் பிள்ளை வறுக்கிறீர்? நாங்கள் புட்டுக்கு, இடியப்பத்துக்கு எல்லாம் கோதுமை மாவை அவிச்சு அரிச்சுத்தானே எடுக்கிறனாங்கள்". எனக்கு பொட்டுனு ஞாபகம் வந்துச்சு, எங்க ஊர்லயும் மைதா முறுக்குக்கு அம்மா மைதாவை துணில கட்டி இட்லி கொப்பரைல வெப்பாங்களே! வறுக்கறத விட அவிக்கறது மேல், ஏன்னா ஆவி ஈரமான சூடு.

ரெண்டு கப் மைதாவை சுத்தமான வெள்ளை காட்டன் துணில கொட்டி தளர்வா கட்டுங்க. பந்து மாதிரி உருண்டையா வேணாம், தட்டி ஒரு இன்ச் கனத்துக்கு பரப்பினாத்தான் நடு வரைக்கும் ஆவி போகும். இட்லி தட்டு மேல வெச்சு, மூடிலேந்து தண்ணி சொட்டாம இருக்க மூடிக்கும் ஒரு துணி கட்டிடுங்க. நல்லா ஆவி வந்தப்பறம் இருபத்தஞ்சு நிமிஷம். தெர்மாமீட்டர நட்டநடுவுல குத்தி பாருங்க, 95 டிகிரி செல்சியஸாவது காட்டணும், காட்டலன்னா திரும்ப மூடுங்க.

துணிய பிரிச்சா வெளிப்பக்கம் கொழகொழன்னு ஒரு தோல் மாதிரி ஒட்டியிருக்கும், அத எடுத்து போட்டுடுங்க, உள்ள சாக்பீஸ் மாதிரி இறுகின கட்டி இருக்கும். சூடா இருக்கும்போதே உடைச்சாத்தான் உடையும், ஆறினா கல்லு. உடைச்சு சலிங்க, சலிக்க வராதத மிக்ஸில ஒரு சுத்து விடுங்க. இங்கதான் எல்லாரும் கோட்டை விடறது: பச்சை மாவை சலிச்ச அதே சல்லடை, அதே கரண்டி, அதே கவுண்டர். எல்லாம் கழுவினதா இருக்கணும்.

இந்த மாவு ஒரு கப்புக்கு வெண்ணெய் அரை கப், பிரவுன் சுகர் அரை கப், பால் ரெண்டு மூணு ஸ்பூன், உப்பு, வெனிலா, சிப்ஸ். அவிச்ச மாவுல ஈரம் இருக்கறதால வெச்சுக்காம அன்னிக்கே பிசைஞ்சுடுங்க.

ஆனா ஒரு விஷயத்த மறைக்க கூடாது. நடுவுல இருக்கிற மாவு சூடாகும், ஆனா கூழ் மாதிரி முழுசா நனையறதில்ல, நம்ம வீட்டு இட்லி கொப்பரைக்கு எந்த லேபும் சான்றிதழ் குடுக்கவும் இல்ல, எஃப்டிஏ வேணாம்னு சொல்றதுல இதுவும் அடக்கம்தான். அதனால ரிஸ்க் குறையும்ங்கறேன், போயிடும்னு சொல்லல. பெரியவங்க நாங்க சாப்பிடறோம், அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க, மாசமா இருக்கறவங்க, வயசானவங்க, கீமோ மாதிரி ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு இத தர மாட்டேன், அவங்களுக்கு முதல் ரெண்டு வழிதான். தமிழ் கடைல அவிச்ச மா பாக்கெட்டாவே கிடைக்குது, ஆனா அது திரும்ப புட்டா வேகப்போற மாவுன்னு நினைச்சு செய்யறது, அப்படியே சாப்பிடலாம்னு பாக்கெட்ல எழுதாத வரைக்கும் அதுவும் பச்சை மாவு கணக்குதான்.

கடைல "ஹீட் ட்ரீட்டட்", "ரெடி டு ஈட்"ன்னு எழுதின மாவு ஆன்லைன்ல கிடைக்கும், விலை கையக் கடிக்கும், ஆனா பார்ட்டிக்கு முப்பது குழந்தைங்களுக்கு செய்யணும்னா வாங்கிடுங்க. ரெடிமேட் டோ டப்பாலயும் இப்ப சிலதுல பச்சையா சாப்பிடலாம்னே போட்டிருக்கு. "பேக் பண்ணிட்டு சாப்பிடவும்"னு போட்டிருந்தா அத நம்புங்க, சும்மா போட மாட்டாங்க.

முட்டை, சோடா, மத்ததெல்லாம்

பேக் பண்ணாத டோவுக்கு முட்டை எதுக்கு? முட்டை போடறது ஓவன்ல எல்லாத்தையும் பிடிச்சு நிக்க வைக்க. ஸ்பூன்ல சாப்பிடப்போற டோவுக்கு அதுக்கு வேலையே இல்ல, ரெண்டு மூணு ஸ்பூன் பால் போதும். இல்ல, எனக்கு அந்த மஞ்சக்கரு ருசி வேணும்னா அட்டை டப்பால வர்ற பாஸ்ச்சுரைஸ் பண்ணின (அளவா சூடு காட்டி கிருமிய கொன்ன) முட்டைய வாங்குங்க. முட்டைய வெந்நீர்ல போட்டு வீட்லயே பாஸ்ச்சுரைஸ் பண்ற வேலைல இறங்காதீங்க, கொஞ்சம் சூடு குறைஞ்சா கிருமி சாகாது, கொஞ்சம் கூடினா அரைவேக்காட்டு முட்டை.

பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர் ரெண்டையும் விட்டுடுங்க, ஆபத்துன்னு இல்ல, சோப்பு மாதிரி கசக்கும். பால் பாஸ்ச்சுரைஸ் பண்ணினதா இருக்கணும், பண்ணைலேந்து நேரா வாங்கின பாலா இருந்தா காய்ச்சி ஆற வெச்சு ஊத்துங்க.

செஞ்ச டோவை மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள், ஃப்ரீசர்ல ரெண்டு மாசம் வெச்சுக்கலாம். சின்ன சின்ன உருண்டையா உருட்டி தட்டுல உறைய வெச்சு அப்பறம் டப்பால போட்டா ஒட்டாது, வெனிலா ஐஸ்கிரீம் மேல நாலு உருண்டை போட்டா கடைல வாங்க வேண்டியதில்ல. இந்த டோவ பேக் பண்ணி குக்கீ ஆக்கலாமான்னு கேக்காதீங்க, பண்ணி பாத்தேன், தட்டு பூரா உருகி ஓடுச்சு.

ஏற்கனவே யாராவது பச்சை டோ சாப்பிட்டுட்டாங்களா? உடனே ஓட வேண்டியதில்ல, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா சால்மொனெல்லான்னா சில மணி நேரத்துலேந்து ஆறு நாளுக்குள்ள, ஈ.கோலைன்னா பெரும்பாலும் மூணு நாலு நாள் கழிச்சு தெரியும், அதனால ஒரு வாரம் பத்து நாள் கண்ணு வெச்சிருங்க. வயித்துப்போக்குல ரத்தம், நிக்காத வாந்தி, ஒண்ணுக்கு குறைவா போறது, குழந்தை வெளிறி துவண்டு போறது, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க, பச்சை மாவு சாப்பிட்டத மறக்காம சொல்லுங்க. குழந்தைங்களுக்கு அந்த ஈ.கோலை கிட்னிய பாதிக்கலாம். வயித்துப்போக்க நிறுத்தற மாத்திரைய நீங்களா குடுக்காதீங்க, ஈ.கோலைன்னா அது நிலைமைய மோசமாக்கலாம்.

இன்னொண்ணு, இது குக்கீ செய்யாத வீட்டுக்கும்தான். 2016 கேஸ்ல சில குழந்தைங்களுக்கு நோய் வந்தது ஹோட்டல்ல ஆர்டர் வர்ற வரைக்கும் விளையாட குடுத்த பச்சை மாவு உருண்டைலேந்து. நாமளும் சப்பாத்திக்கு பிசையும்போது அழற குழந்தை கைல ஒரு உருண்டைய குடுத்து உக்கார வைப்போம்ல, அது குருவி செய்யும், பாம்பு செய்யும், கடைசில வாய்ல போட்டுக்கும். இப்ப நான் முதல்ல ஒரு சப்பாத்திய சுட்டு அத கைல குடுத்துடறேன், குருவி செய்ய ப்ளே டோங்கற விளையாட்டு களிமண் இருக்கு.